இங்கிலாந்து ஆட்டத்தைப் பப்பில் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து உலகக் கோப்பையிலோ ஐரோப்பியக் கோப்பையிலோ இங்கிலாந்து அணி ஆடும் மாலையில், லண்டனில் அதைப் பார்க்கப் பப்பைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. இந்தப் போட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பிபிசியும் ஐடிவியும் தனிச் சந்தா இல்லாமல் வீட்டிலேயே காட்டி வந்தபோதும் மக்கள் பப்பில் கூடியது, கோல் விழும் நொடியை முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து அனுபவிப்பதற்காகத்தான். அந்த நொடி நம் கையைவிட்டுப் போகக் காரணமாகும் தவறுகளில் பாதி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

முதலாவது, இடத்தை விசாரிக்காமல் கிளம்புவது. கோல் விழுந்ததும் பியர் மழையாகத் தெறிக்கும் குராய்டன் பாக்ஸ்பார்க் போன்ற பெரிய திரை வளாகம் வேறு, அக்கம்பக்கத்து முதியவர்கள் உட்கார்ந்து பார்க்கும் தெருமுனைப் பப் வேறு. நண்பர் குழுவுக்கு எது பொருந்தும் என்று முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். முக்கிய ஆட்டங்களுக்குப் பல பப்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு மேசைகளை ஒதுக்குகின்றன. உள்ளே இருக்கக்கூடிய எண்ணிக்கை நிரம்பிவிட்டால், நண்பர்கள் நமக்கென நாற்காலி பிடித்து வைத்திருந்தாலும் வாசலில் நிற்கும் காவலர் விடமாட்டார், அவரோடு வாதாடியும் பயனில்லை. பதிவு செய்யும்போதே அந்த மேசையிலிருந்து திரை தெரியுமா, பிள்ளைகளை எத்தனை மணி வரை அனுமதிப்பார்கள், நாம் பார்க்கும் ஆட்டத்துக்குத்தான் ஒலி வைப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடப்பதால், கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் முக்கியமானது. மதுவுக்கான சட்ட வயது 18 என்றாலும், 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்பது வழக்கம் என்பதால், அதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது, ரவுண்டு முறையைப் புரிந்துகொள்ளாமல் இருப்பது. பப்பில் பெரும்பாலும் பரிமாறுபவர் மேசைக்கு வருவதில்லை; குழுவில் ஒருவர் கவுண்டருக்குப் போய் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர் போவார். மற்றவர்கள் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது கழிவறைப் பக்கம் நகர்பவரை யாரும் வாய்திறந்து குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு அழைக்கவும் மாட்டார்கள். மது அருந்தாதவர் எலுமிச்சைப் பானமோ ஆல்கஹால் இல்லாத பியரோ கேட்டு ரவுண்டில் சேரலாம். விலை கூடிய சுற்றில் சிக்க விரும்பாவிட்டால், தனியாக வாங்கிக்கொள்வதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். இரண்டும் மரியாதைக்குரியவையே. ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர் என்பதால், ஒவ்வொரு ரவுண்டிலும் சளைக்காமல் ஈடுகொடுக்க முயல்பவர், இரண்டாம் பாதியில் எந்த அணி எந்தப் பக்கம் தாக்குகிறது என்றே அறியாமல் போவார்.

இடைவேளை விசில் ஊதிய பிறகு கவுண்டருக்கு ஓடுவதும் தவறுதான். அப்போது அங்கே நான்கைந்து அடுக்காக ஆட்கள் நிற்பார்கள், 15 நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். முப்பத்தைந்தாவது நிமிடத்துக்கு மேல், பந்து வெளியே போய் ஆட்டம் நிற்கும் நேரத்தில் எழுந்து போவது நல்லது. கவுண்டரில் வரிசை இருப்பதுபோல் தெரியாது, ஆனால் யாருக்குப் பிறகு யார் வந்தார் என்பது அங்கு நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஊழியர் முறை தவறி நம்மைப் பார்த்தால், முன்னால் வந்தவரைக் கைகாட்டிவிடுவதே நாகரிகம்.

நான் மிகவும் வருந்துவது கைபேசித் தவறைப் பற்றி. இணையம் வழியே வரும் ஒளிபரப்பு, ஆன்டெனாவில் வருவதைவிடப் பல நொடிகள் பின்தங்கியே வரும். பப் இணையத்தில் காட்டுகிறது என்றால், மேன்செஸ்டரில் இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘கோல்!’ நம் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும்போதே வந்து நிற்கும். அதைச் சத்தமாகப் படித்துவிடுபவர் ஓர் அறை முழுவதன் மகிழ்ச்சியையும் பறித்துவிடுகிறார். அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, கைபேசியைப் பையிலேயே வையுங்கள்.

தோல்வி வரும்போது வாயை அடக்காமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து இத்தாலியிடம் பெனால்டியில் தோற்ற இரவில், பெனால்டியைத் தவறவிட்ட கறுப்பின வீரர்களான ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாகா மூவர் மீதும் இணையத்தில் நிறவெறி வசை கொட்டப்பட்டது. நம் மேசையிலேயே ஒருவர் அப்படிப் பேசினால், விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாமல் அங்கேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். பக்கத்து மேசையில் என்றால் ஊழியரிடம் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக, முன்னதாகவே எழுந்து போவது. 2024 ஐரோப்பியக் கோப்பையில், ஜூன் 30 அன்று ஸ்லோவாக்கியாவிடம் 0–1 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்துக்கு, 95ஆவது நிமிடத்தில் பெல்லிங்ஹாம் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த பந்து சமநிலை தந்தது. கூடுதல் நேரத்தின் தொடக்கத்திலேயே கேன் வெற்றிக் கோலை அடித்தார். பத்து நாள் கழித்து நெதர்லாந்துக்கு எதிரான அரையிறுதியிலும் வாட்கின்ஸின் கோல் 90 நிமிடம் முடிந்த பிறகே வந்தது. எனவே நாக்அவுட் ஆட்டத்துக்குப் போகும்போது, கூடுதல் 30 நிமிடத்தையும் பெனால்டியையும் சேர்த்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தை ஒதுக்கி, காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, கடைசி ரயில் எப்போது என்பதைப் போகும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.