குதிகால் வலியா? காலைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு செருப்புக் கடைக்குப் போங்கள்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது. நாலு அடி நடந்தால் குறைகிறது. மத்தியானம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்துகிறது. உங்களுக்கும் இப்படித்தான் என்றால் மேலே படியுங்கள்.

எனக்கு இது வந்தபோது மருத்துவர் குதிகாலை அழுத்திப் பார்த்துவிட்டு பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்றார். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் தடித்த பட்டை ஒன்று ஓடுகிறது. அது நொந்துபோனால் வருவதுதான் இந்த வலி. இரவெல்லாம் தளர்ந்து கிடந்த பட்டை முதல் அடியில் திடீரென்று இழுபடுகிறது, அதனால்தான் காலையில் அந்தக் குத்து. எனக்குக் கைகொடுத்தவை இரண்டு: கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சி, செருப்பை மாற்றியது. பயிற்சிக்கு யூடியூபில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. செருப்பு எப்படி வாங்குவது என்பதைத்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை.

(கால் வீங்கியிருந்தாலோ, மரத்துப்போனாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். செருப்பு அப்புறம்.)

படி 1: பழைய ஜோடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அது இயல்பு. உள் ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கால் உள்பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். குதிகால் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுந்தாமல் கெட்டியாக இருந்தால் அந்தச் செருப்பின் ஆயுள் முடிந்தது. வார் அறுந்தால்தான் செருப்பு மாற்றுவது என்ற நம் ஊர் வழக்கம் குதிகாலுக்கு ஆகாது.

மெல்லிய ஹவாய் செருப்பைப் பற்றி என் கருத்து: குளியலறைக்குப் போதும், தெருமுனைக் கடைக்கும் போதும். பின்வார் இல்லாததால் அது கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரல்கள் அதை இடுக்கிப் பிடிக்கின்றன. நாள் முழுக்க அந்த வேலை செய்தால் கால் அசந்துபோகும்.

படி 2: காலை வரைவது

கேட்க எளிதாக இருக்கும். எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

சாயங்காலம் வரையுங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் செருப்பு வேண்டும். ஏ4 தாளின் குறுகிய பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும்படி தரையில் வையுங்கள். தாளின் நீளம் 29.7 செ.மீ., பெரும்பாலான கால்களுக்குத் தாராளம். குதிகாலைச் சுவரில் ஒட்டி, இரண்டு காலிலும் சமமாக எடையைப் போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். வரைவது வேறொருவராக இருக்க வேண்டும். நீங்களே குனிந்து வரைந்தால் எடை ஒரு பக்கம் போய்விடும், குதிகாலும் சுவரை விட்டு நகரும். உட்கார்ந்து வரைந்தாலும் சரி வராது. எடை ஏறும்போது பாதம் நீள்கிறது, அகலவும் செய்கிறது. உட்கார்ந்தபடி வரைந்த கால் நடக்கிற கால் இல்லை.

பென்சில் செங்குத்தாக இருக்கட்டும். சுண்டுவிரல் பக்கம் உள்ளே சாய்ந்தால் சில மில்லிமீட்டர் காணாமல் போகும், பிறகு அதே இடத்தில்தான் செருப்பு கடிக்கும். பாதத்தின் உள்வளைவில் கோடு எப்படிப் போனாலும் கவலையில்லை. விரல்கள், பெருவிரல் மூட்டு, சுண்டுவிரல் மூட்டு, இந்த இடங்கள் மட்டும் சுத்தமாக வர வேண்டும்.

இரண்டு காலையும் வரையுங்கள். பலருக்கு ஒன்று பெரிதாக இருக்கும், வாங்குவது பெரிய காலுக்கு. இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளமாக இருந்தால் நீளத்தை அங்கிருந்து அளக்க வேண்டும். இருப்பதிலேயே நீளமான விரலின் நுனிக்கு முன்னால் 1 செ.மீ. சேர்த்து ஒரு கோடு போட்டு, இரண்டு தாளையும் கோட்டோடு கத்தரித்துக்கொள்ளுங்கள்.

நம்பர் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். நம் கடைகளில் புழங்கும் 7, 8, 9 எல்லாம் பிரிட்டிஷ் அளவு, ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ.க்குச் சற்று மேல் வித்தியாசம். 41, 42 என்பது ஐரோப்பிய அளவு, அங்கே ஒரு படி 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போவதே இல்லை. அதைவிட, நம்பர் சொல்வது நீளத்தை மட்டும்தான். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கால்களை அளந்து, நம் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று சொல்லி, ‘பா’ என்ற இந்திய அளவுமுறையையே முன்வைத்திருக்கிறது.

அகலம் பத்தவில்லை என்றால் கடைக்காரர் “ஒரு நம்பர் பெருசு போடுங்க சார்” என்பார். வேண்டாம். நீளம் கூடுவதால் ஷூ மடியும் இடம் உங்கள் விரல் மூட்டைத் தாண்டிப் போய்விடும், குதிகால் பின்னால் கழலும், கால் முன்னால் வழுக்கும். அதே நீளத்தில் அகலமான மாடலைக் கேளுங்கள்.

படி 3: கடையில்

ஷூ என்றால் உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றி அதன் மேல் உங்கள் தாளை வையுங்கள். தாள் எந்த இடத்திலும் வெளியே துருத்தக் கூடாது. துருத்தினால் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. செருப்பு என்றால் சுற்றிலும் கொஞ்சம் ஓரம் தெரிய வேண்டும். கடைப்பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும்.

பிறகு முன்னும் பின்னும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மடிந்தால் சரி, நடுவில் மடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினால் முறுக்கிக்கொண்டே போகிறதா? அதுவும் ஆகாது. ஷூவின் பின்பக்கம், குதிகாலைப் பிடிக்கும் இடம், அழுத்தினால் நசுங்காமல் நிற்க வேண்டும்.

கம்பளம் விரித்த இடத்தில் எந்தச் செருப்பும் சுகமாகத்தான் இருக்கும். டைல்ஸ் தரையில் நடந்து பாருங்கள். “போடப் போட லூசாயிடும்” என்ற வாக்குறுதியை நம்பி வாங்கியதெல்லாம் இன்னும் பெட்டியில்தான் இருக்கும்.

மெமரி ஃபோம் எனக்குப் பிடிக்காது. கடையில் மெத்தை மாதிரி அமுங்கும், சீக்கிரமே தட்டையாகிவிடும். கொஞ்சம் கெட்டியான ஈவிஏ (ரப்பர் மாதிரியான, எடை குறைந்த நுரைப்பொருள்) அடிப்பாகம், குதிகால் பக்கம் விரல் பக்கத்தைவிட லேசாக உயரம், பின்வார், இது போதும். குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிலிகான் ஹீல் கப் வாங்கினால் ஒரு காலில் மட்டும் வலி இருந்தாலும் இரண்டிலும் போடுங்கள், இல்லாவிட்டால் உயரம் ஏறுமாறாகிவிடும்.

படி 4: வீட்டுக்குள்

கிரானைட் தரையில், அடுப்படியில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நின்றால் படி 3 வரை செய்ததெல்லாம் வீண். வெளியே போகாத ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், வாசல் தாண்டாத ஜோடி என்று சொல்லிப் பாருங்கள். பூஜை அறைக்கு முன்னால் கழற்றிவிடலாம்.

பிற்சேர்க்கை

சர்க்கரை உள்ளவர்கள் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு இந்தப் பதிவு மட்டும் போதாது, காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று முதலில் பரிசோதியுங்கள். குறைந்திருந்தால் எம்.சி.ஆர். செருப்பைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது மெத்தென்ற ரப்பரில் செய்தது. விரலிடுக்கில் வார் இல்லாமல், பின்வாரோடு இருப்பதாக வாங்குங்கள். பொருட்காட்சியில் விற்கும் முள்ளு வைத்த அக்குபிரஷர் செருப்பும், கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப்பும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கார்ன் கேப்பில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், உணர்ச்சி இல்லாத காலில் அது தெரியாது.

இன்னொருவர் எழுதியது: நல்ல ஷூ என்று பத்திரமாகப் பரணில் வைத்தாராம், எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் தூள்தூளாக உதிர்ந்துவிட்டதாம். அந்த அடிப்பாகம் பாலியூரித்தேன், சுருக்கமாக பியூ, என்ற ஒரு வகை பிளாஸ்டிக். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து அது மெதுவாகச் சிதையும், போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் பியூ சோல் வைத்த ஜோடியைச் சலுகை விலை என்று இரண்டாக வாங்கி அடுக்காதீர்கள்.