160, 180, 203: மலைச் சைக்கிளுக்கு எந்த அளவு டிஸ்க்?

"அண்ணே, பிரேக் பத்தலை. பெரிய டிஸ்க் போட்டுடலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில் பத்தவில்லை? மலை உச்சியிலிருந்து கிளம்பிய முதல் வளைவிலேயே பத்தவில்லையா, இல்லை பாதி மலை இறங்கிய பிறகு பத்தாமல் போகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு. பெரிய ரோட்டர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகடு, இரண்டுக்குமே உதவும், ஆனால் ஒரே அளவுக்கு உதவாது.

நான் இருப்பது சேலத்தில். பக்கத்திலேயே ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவுகள். கொஞ்சம் தள்ளிப் போனால் கொல்லிமலை, 70 வளைவுகள். இந்த மலைகளில் இறங்குகிற சைக்கிள்கள்தான் பெரும்பாலும் என் கைக்கு வருகின்றன. அதனால் நான் சொல்வதெல்லாம் நீண்ட இறக்கத்தை மனதில் வைத்துச் சொல்வது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு 160 மி.மீ. விட்டமுள்ள ரோட்டர் தாராளமாகப் போதும்.

முதல் வளைவிலேயே பிரேக் பத்தவில்லை என்றால், ரோட்டரை மாற்றுமுன், அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடைக் கழற்றிப் பாருங்கள். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது அந்தத் துளி ரோட்டரில் தெறிப்பதுதான் நம் ஊரில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம். பிடிக்கும்போது கீச்சென்று கத்தும், ஆனால் வேகம் குறையாது. பேடின் முகம் கண்ணாடி போல் பளபளப்பாகவோ, எண்ணெய் ஊறிக் கறுத்தோ இருக்கும். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் பயன்படுத்துவதும் அதுதான், அந்தப் பழுதுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். எண்ணெய் ஊறிய பேடை மட்டும் மாற்றிவிடுங்கள். அதைக் கொளுத்தி, உப்புத்தாளில் தேய்த்து மீட்கலாம் என்பார்கள். மலை இறங்குகிற சைக்கிளில் அந்தச் சோதனை வேண்டாம். கேபிள் டிஸ்க் (எண்ணெய்க்குப் பதில் கம்பியால் இழுக்கும் பிரேக்) என்றால் உள்பக்கப் பேடையும் பாருங்கள். பல மாடல்களில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். உள்பேட் ரோட்டரை விட்டுத் தள்ளி இருந்தால், லீவர் இழுக்கும் பலத்தில் பாதி ரோட்டரை வளைப்பதிலேயே போய்விடும். அதைத் திருகி ரோட்டருக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது காசில்லாத வேலை.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்புறமும் விரல் வலிக்கிறது என்றால் ரோட்டர் பேச்சுக்கு வரலாம்.

பெரிய ரோட்டர் ஏன் நன்றாகப் பிடிக்கிறது என்பதைக் கையாலேயே உணரலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். சக்கரம் சுற்றாமல் நிற்கும்போது ஹப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்போக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை டயரைத் திருப்பச் சொல்லுங்கள். சுலபமாகத் திருப்பிவிடுவார். இப்போது ரிம்முக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அதே கை, அதே பலம், சக்கரம் அசையாது. மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோமோ அவ்வளவு திருப்பு விசை. பேட் ரோட்டரைப் பிடிப்பதும் அப்படியே.

கணக்கும் நேரடியானது. பேடின் நடுப்பகுதி ரோட்டரின் வெளிவிளிம்பிலிருந்து ஏறக்குறைய 7 அல்லது 8 மி.மீ. உள்ளே பிடிக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 160 ரோட்டரில் பிடிமானம் மையத்திலிருந்து சுமார் 72 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, 180-ல் 82, 203-ல் 94. அதாவது ஒரு படி ஏறினால் அதே விரல் பலத்துக்குச் சுமார் 14 சதவீதம் கூடுதல். 160-லிருந்து நேராக 203-க்குப் போனால் 30 சதவீதம் வரை. கேலிப்பர் (பேடுகளைத் தாங்கி அழுத்தும் பகுதி), லீவர், பேட் எதையும் மாற்றாமல் இது கிடைக்கிறது. பட்ஜெட் சைக்கிளுக்கு நான் முதலில் ரோட்டரைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சக்கர அளவையும் சேர்த்துப் பாருங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சக்கரம் பெரிதானால் அதை நிறுத்த அதிகத் திருப்பு விசை தேவை. 26 அங்குலச் சக்கரத்தில் 160 ரோட்டர் கொடுத்த நிறுத்தத்தை 29 அங்குலச் சக்கரத்தில் வாங்க 180 வேண்டும். பழைய 26-லிருந்து புது 29-க்கு மாறியவர் "புது வண்டியில் பிரேக் மந்தமாக இருக்கிறது" என்று சொன்னால் அது மனப்பிரமை இல்லை.

இனி ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சைக்கிளைக் கடைசியில் நிறுத்துவது டயர். உங்கள் இப்போதைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடுகிறது என்றால், பெரிய ரோட்டரால் நிற்கும் தூரம் குறையாது. சரளை மண்ணில் பின்சக்கரத்துக்கு இது அப்படியே பொருந்தும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரம் 160-லேயே எளிதில் பூட்டிக்கொண்டு சறுக்கும். அங்கே பெரிய ரோட்டர் தருவது நிறுத்தும் பலத்தை அல்ல, சூட்டைத் தாங்கும் திறனை.

சூடு என்று வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், நம் மலைகளில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, இறக்கம் உயரக் கணக்கில் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 880 கிலோஜூல். மூன்று லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க ஆகிற சூடு அது. ஒரு பங்கைக் காற்றும் டயர் உராய்வும் எடுத்துக்கொள்ளும். நேர்சாலையில் வேகமாக விட்டால் காற்று எடுக்கும் பங்கு கூடும். கொல்லிமலையில் அப்படி விட முடியாது. காரவள்ளிக்கு இறங்குகிற பாதையில் ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும், மிச்சமெல்லாம் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள் தலையில்தான்.

ஒரே ஒரு வளைவுக்குக் கணக்குப் போட்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து 15-க்குக் குறைக்கும்போது கிட்டத்தட்ட 4.8 கிலோஜூல் சூடாகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்பிரேக்குக்கு என்றும், ரோட்டர் 100 கிராம் என்றும் எடுத்துக்கொண்டால், அந்த ஒரு வளைவிலேயே ரோட்டர் 60 டிகிரிக்கு மேல் ஏறும். அடுத்த வளைவுக்குள் அது ஆறியாக வேண்டும். பெரிய ரோட்டரில் உலோகம் அதிகம் என்பதால் ஏறும் டிகிரி குறைவு. காற்றுப் படும் பரப்பு அதிகம் என்பதால் ஆறுவதும் சீக்கிரம். ஷிமானோவின் ஐஸ்டெக் ரோட்டர்களில் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்திருப்பதும் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடத்தான்.

சூட்டால் பிரேக் போவதிலும் இரண்டு வகை. லீவர் எப்போதும்போல் கெட்டியாக நிற்கிறது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிமானம் இல்லை என்றால் சூடேறியிருப்பது பேட். லீவர் பஞ்சாகி ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிடுகிறது என்றால் கேலிப்பருக்குள் இருக்கும் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகியிருக்கிறது. இரண்டாவது மிகவும் மோசம். எதுவானாலும் ஓரமாக நிறுத்திக் காத்திருங்கள். ரோட்டரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். சூடான ரோட்டர்மேல் தண்ணீரும் ஊற்றாதீர்கள், கோணிவிடும்.

சரி, எந்த அளவு வாங்குவது? என் கணக்கு இப்படி. எடை 70 கிலோவுக்குள், எப்போதாவது மலை இறங்குகிறவர் என்றால் முன்னால் 180, பின்னால் 160. அதற்கு மேல் எடை, 29 அங்குலச் சக்கரம், அடிக்கடி நீண்ட இறக்கம் என்றால் முன்னால் 203, பின்னால் 180. மின்சார மலைச் சைக்கிள் பெரும்பாலும் தனியாகவே 20 கிலோவுக்கு மேல் வரும். அதற்கு இரண்டு பக்கமும் 203 கேட்க யோசிக்க வேண்டாம். டவுன்ஹில் பந்தயத்துக்கென்று 220, 223 எல்லாம் வந்துவிட்டன, நம் சாலைகளுக்கு அவை தேவைப்படாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் முன்சக்கரத்துக்குச் செலவழியுங்கள்.

போன மாதம் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன் 203 ரோட்டரைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். முன்சக்கரத்தைத் தாங்கும் அவன் ஃபோர்க்குக்கு அதன் தயாரிப்பாளர் அனுமதித்த உச்ச அளவு 180. "மாட்டினால் மாட்டிக்கும்ல, அண்ணே?" என்றான். மாட்டிக்கொள்ளும். ஆனால் கேலிப்பரை வெளியே தள்ளி வைக்க வைக்க, ஃபோர்க்கின் அடிக்காலில் கேலிப்பர் மாட்டும் அந்தச் சின்ன மவுண்டின் மேல் விழும் நெம்பு விசை கூடும். அங்கே விரிசல் விட்டால் முன்பிரேக்கே போய்விடும். ரோட்டரைக் கடையில் கொடுத்து மாற்றிவரச் சொல்லி அனுப்பினேன். வாங்குவதற்கு முன் ஃபோர்க்கின் கையேட்டையும், பின்பக்கத்துக்கு ஃபிரேமின் கையேட்டையும் பாருங்கள். அந்த எண்ணைத் தாண்டாதீர்கள்.

அடுத்து மவுண்ட். கேலிப்பர் போல்ட் இரண்டும் முன்னிருந்து பின்னாக, சக்கரம் உருளும் திசையில் இறங்கினால் அது போஸ்ட் மவுண்ட். இரண்டு போல்ட்டுக்கும் இடைவெளி 74 மி.மீ. போல்ட் அச்சுக்கு இணையாக, பக்கவாட்டில் நுழைந்தால் பழைய ஐ.எஸ். மவுண்ட், இடைவெளி 51 மி.மீ. போஸ்ட் மவுண்டிலேயே 160-க்கு என்று அமைந்தது, 180-க்கு என்று அமைந்தது என்று வகை உண்டு. 160 மவுண்டில் 180 போட +20 அடாப்டர் (கேலிப்பரை வெளியே தள்ளி வைக்கும் துண்டு), 180 மவுண்டில் 203 போட +23, 160-லிருந்து நேராக 203 என்றால் +43. ஸ்ராம் நிறுவனத்தின் ரோட்டர் 200, ஷிமானோவுடையது 203. இந்த 3 மி.மீ. வித்தியாசத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 200-க்கான அடாப்டரில் 203 ரோட்டரைப் போட்டால் விளிம்பு கேலிப்பரின் உள்ளே உரசும், அல்லது பேட் கீழே தள்ளிப் பிடிக்கும். மாறாக 203-க்கான அடாப்டரில் 200 போட்டால் பேடின் மேல் விளிம்பு ரோட்டருக்கு வெளியே நிற்கும். தேயத் தேய அங்கே ஒரு மெல்லிய உதடு உண்டாகி, ஒரு நாள் இரண்டு பேடின் உதடுகளும் ஒன்றோடொன்று முட்டும். அப்போது லீவர் கெட்டியாக இருக்கும், பிரேக் இருக்காது. பேடைக் கழற்றி விரலால் தடவினாலே அந்த உதடு தட்டுப்படும்.

ஹப்பையும் பார்த்து வாங்குங்கள். ஆறு போல்ட் ரோட்டர் வேறு, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக் வேறு. மலிவான ஷிமானோ ரோட்டர்களில் "ரெசின் பேட் ஒன்லி" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மாட்டும் வேலை கடினமில்லை. பழைய ரோட்டரின் போல்ட்டை டி25 டார்க்ஸால் கழற்றுங்கள். மட்டமான ஆலன் கீயை அதில் திணிக்காதீர்கள், தலை வழுக்கிவிட்டால் பாதி நாள் போய்விடும். புது ரோட்டரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். போல்ட்டில் நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு. ஆறையும் முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஷிமானோ சொல்வது 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராம் 6.2. சென்டர்லாக் வளையத்துக்கு 40. ரோட்டரின் பிரேக் பரப்பில் விரல் படாமல், நடுவிலிருந்து விரியும் சிலந்திக் கால்களைப் பிடித்தே வேலை செய்யுங்கள்.

அடாப்டரை இறுக்கி, கேலிப்பரை அதன்மேல் தளர்வாக வைத்து, சக்கரத்தை முழுக்க உட்காரவைத்து அச்சை இறுக்குங்கள். லீவரை நன்றாக அழுத்திப் பிடித்தபடியே கேலிப்பர் போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஷிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். லீவரை விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றி, கேலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். ரோட்டரின் இரு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் கோடு மறைந்தால் கேலிப்பரைத் தளர்த்தி அந்தப் பக்கம் மயிரிழை நகர்த்தி மறுபடி இறுக்குங்கள். 203 ரோட்டர் 160-ஐவிடச் சுலபமாகக் கோணும். சைக்கிளை பஸ்ஸில் ஏற்றும்போது ரோட்டர் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவையுங்கள்.

புது ரோட்டரோடு உடனே மலைக்குப் போகாதீர்கள். வாகனம் இல்லாத சமதளச் சாலையில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டாமல் அழுத்திப் பிடித்து நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்படி 20 முறை. பிறகு இன்னும் கொஞ்சம் வேகத்தில் 10 முறை. முன், பின் இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள். பேடின் பொருள் ரோட்டரில் ஒரே சீராகப் படிந்தால்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த 14 சதவீதம் கைக்கு வரும்.

முதல் மலை இறக்கம் முடிந்து ரோட்டர் ஆறியதும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். பேட் மாற்றும்போதெல்லாம் ரோட்டரின் கனத்தையும் அளந்துவிடுங்கள். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ.; 1.5-க்கு வந்துவிட்டால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். அந்தக் குறைந்தபட்ச எண் ரோட்டரிலேயே பொறித்திருக்கும்.