அனலாக் கூட்டலா, டிஜிட்டல் கூட்டலா: வாங்கும் முன் வீட்டிலேயே சோதியுங்கள்

குரல், வீணை, மிருதங்கம், தம்பூரா என்று தனித்தனியாகப் பதிவு செய்த தடங்களை இடம், வலம் என்ற இரண்டு தடங்களுக்குள் சேர்ப்பதைத்தான் கூட்டல் என்கிறோம். கணினிக்குள் கூட்டினால் இசை தட்டையாகிவிடும், வெளியே ஓர் அனலாக் பெட்டியில் கூட்டினால்தான் ஆழம் வரும் என்று புதியவர்களிடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. நல்ல பெட்டிகளின் விலை ஆயிரக்கணக்கான வெள்ளி. சிங்கப்பூரில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டின் படுக்கையறையில் முதல் பாடலைக் கலக்கும் ஒருவர் அந்தத் தொகையை எடுத்துக் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துபார்க்க வேண்டும்.

தேவையானவை: எட்டு வெளியீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியை வெளி ஒலிக்கருவிகளோடு இணைக்கும் பெட்டி), எட்டுத் தடச் சிறிய மிக்சர், பேலன்ஸ்டு கேபிள்கள். மிக்சர் இல்லையென்றால் பஜனைக் குழுவிலோ சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்புச் செய்பவரிடமோ இரவல் கேளுங்கள். கேபிள்களை நீங்களே பற்றவைப்பவரானால் சிம் லிம் டவரில் உதிரிப்பாகங்கள் கிடைக்கும்.

முதல் படி: கணினியின் கணக்கைச் சரிபாருங்கள்

கணினி செய்வது வெறும் எண் கூட்டல். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் நொடிக்கு 48,000 முறை, எல்லாத் தடங்களின் எண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்குகிறது. புரோ டூல்ஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளின் பழைய டிடிஎம் அமைப்பு 48 பிட் நிலைப்புள்ளி முறையில் கூட்டியது; 2011இல் எச்டிஎக்ஸ் என்ற புதிய அமைப்பு வந்தபோது அது 64 பிட் மிதவைப்புள்ளிக்கு (ஃப்ளோட்) மாறியது. ரீப்பர் என்ற மென்பொருளும் 64 பிட்தான். இந்தக் கூட்டலில் நேரும் பிழை காதுக்கு எட்டாத அளவுக்குச் சிறியது.

என் சொல்லை நம்ப வேண்டாம். மாஸ்டர் தடத்தில் ஒலியளவை அடக்கும் கம்ப்ரெசர், லிமிட்டர் எதுவும் இல்லாமல் பாடலை முழுக் கலவையாக ஒருமுறை ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு குரல், வீணை, தாளம், தம்பூரா என நான்கு ஸ்டீரியோ ஸ்டெம்களாகவும், அதாவது பிரிவுக்கு ஒரு தனிக் கோப்பாகவும், எடுங்கள். எல்லாம் 32 பிட் ஃப்ளோட், ஒரே தொடக்கப் புள்ளி. புதிய புராஜெக்டில் ஐந்தையும் அடுக்கி, முழுக் கலவையின் பொலாரிட்டியை (ஒலி அலையின் மேல், கீழ்) மட்டும் தலைகீழாக்கி இயக்குங்கள். அமைதிதான் கேட்கும். ஏதாவது மிச்சம் கேட்டால் ஒவ்வொரு முறையும் மாறி ஒலிக்கும் ரிவெர்ப், கோரஸ் போன்ற பிளக்-இன்களைச் சந்தேகியுங்கள். மென்பொருளுக்கு மென்பொருள் ஒலி மாறுகிறது என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் காரணம் பேன் விதி, அதாவது ஒலியை இடம், நடு, வலம் என்று வைக்கும்போது அதன் அளவை மாற்றும் முறை: நடுவில் வைத்த மோனோ தடத்தை ஒன்று 3 டெசிபெல் குறைக்கும், இன்னொன்று 4.5 அல்லது 6 குறைக்கும்.

இரண்டாம் படி: வெளியே கூட்டுங்கள்

நான்கு ஸ்டெம்களையும் எட்டு வெளியீடுகள் வழியாக மிக்சருக்கு அனுப்புங்கள். ஈக்யூ குமிழ்கள் நடுவில், பேன் முழு இடமும் முழு வலமும். சிறிய மிக்சர்களில் குமிழ்கள் துல்லியமாக இருப்பதில்லை. ஆகவே மைனஸ் 18 டெசிபெல் அளவில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஒவ்வொரு தடத்திலும் அனுப்பி, எல்லாத் தடங்களும் 0.1 டெசிபெலுக்குள் ஒத்துவரும்படி சரிசெய்யுங்கள். பாடலுக்கு முன்னால் ஒரு குறுகிய ‘டிக்’ ஒலி வையுங்கள். பின்னர் நேரத்தைப் பொருத்த அதுதான் உதவும். மிக்சரின் வெளியீட்டை அதே இன்டர்ஃபேஸில் பதிவு செய்யுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 ஹெர்ட்ஸில் முனகல் கேட்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாம் படி: பலரும் விட்டுவிடும் மூன்றாவது கோப்பு

சோதனையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கணினியில் கூட்டி முடித்த முழுக் கலவையை எடுத்து, அதே மிக்சரின் இரண்டே தடங்கள் வழியாக அனுப்பி, மாஸ்டர் மீட்டர் முன்பு காட்டிய அளவையே காட்டும்படி வைத்துப் பதிவு செய்யுங்கள். இப்போது மூன்று கோப்புகள்: கணினிக்குள்ளேயே இருந்த ‘அ’, மிக்சரில் கூட்டிய ‘ஆ’, கணினியில் கூட்டி மிக்சர் வழியாகப் போய்வந்த ‘இ’.

‘அ’வையும் ‘ஆ’வையும் மட்டும் ஒப்பிட்டு அனலாக் வென்றது என்று முடிவு செய்பவர்கள், கூட்டலையும் மின்சுற்றின் நிறத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரும் ஆம்ப்ளிஃபையரும் ஒலியோடு ஹார்மோனிக்குகளைச் சேர்க்கின்றன. தடங்களுக்கிடையே சிறிது கசிவும் உண்டு. அந்த நிறம் உண்மையானது, சில பாடல்களுக்கு மிக அழகானது. ஆனால் ‘ஆ’வும் ‘இ’யும் ஒரே மாதிரி ஒலித்தால், அந்த அழகைத் தந்தது கூட்டல் அல்ல, மின்சுற்று.

நான்காம் படி: அளவைப் பொருத்தி, கண்ணை மறைத்துக் கேளுங்கள்

‘டிக்’ ஒலியை வைத்து மூன்றையும் நேரத்தில் பொருத்துங்கள். ஒலியளவை 0.1 டெசிபெலுக்குள் கொண்டுவாருங்கள். அரை டெசிபெல் கூடுதலாக இருந்தாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும்.

பிறகு ஃபூபார்2000 என்ற இசை இயக்கும் மென்பொருளின் ஏபிஎக்ஸ் வசதியில், கோப்புகளை இரண்டிரண்டாக வைத்து, ஹெட்ஃபோனுடன் ஒவ்வொரு ஜோடியையும் 16 முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அது பெயரை மறைத்து இரண்டில் ஒன்றை ஒலிக்கவிடும்; எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி நாதம், வலந்தலையின் முதல் தெறிப்பு, தம்பூராவின் அகலம் ஆகியவற்றைக் கவனியுங்கள். 16இல் 12 சரியென்றால் வேறுபாட்டை உண்மையிலேயே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குருட்டு அதிர்ஷ்டத்தில் அத்தனை சரியாக வரும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் வேறுபாடே தெரியவில்லையா? அந்தப் பணத்தில் அறைக்கு ஒலியுறிஞ்சும் பலகைகள் வாங்குங்கள். வேறுபாடு பிடித்திருந்து, ‘ஆ’வும் ‘இ’யும் ஒன்றாகவே ஒலித்தால், இரண்டு தட ப்ரீஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சிறு கருவி) ஒன்று போதும். ‘ஆ’ மட்டும் தனித்து நின்றால், ஸ்டெம்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், நீங்கள் வாங்க நினைக்கும் பெட்டியிலேயே இதே நான்கு படிகளையும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.