‘தேசியவாதம்தான் காரணம்’: முதல் உலகப் போரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப் போருக்கான காரணங்களைக் கேட்டால், விடைத்தாள்களில் அச்சு வார்த்த மாதிரி ஐந்து வரி வரும்: தேசியவாதம், ஏகாதிபத்தியம், ராணுவவாதம், ரகசியக் கூட்டணிகள், சரயேவோ கொலை. மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் முதல் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘யாருடைய தேசியவாதம்?’ என்று எழுதாமல் எனக்கு அடுத்த பக்கம் புரட்ட மனசு வருவதில்லை.

ஏனென்றால் 1914இல் அந்த ஒரே பெயரில் வேறுவேறு ஆசைகள் நடமாடின. 1871இல் ஜெர்மனியிடம் பறிகொடுத்த அல்சேஸ்-லொரைன் பகுதி பிரெஞ்சுக்காரர்களுக்கு முள்ளாக உறுத்தியது. போலந்துக்காரர்களுக்கோ வரைபடத்தில் நாடே இல்லை. மூன்று பேரரசுகள் அவர்களைப் பங்குபோட்டு வைத்திருந்தன. செர்பியாவுக்கு நாடு இருந்தது, ஆனால் செர்பியர்களில் பலர் எல்லைக்கு அப்பால், ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தார்கள். அந்தப் பேரரசின் கதை இன்னும் வேடிக்கை. ஜெர்மானியர், ஹங்கேரியர், செக், ஸ்லோவாக், உக்ரைனியர், ருமேனியர், குரோஷியர் என்று பத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரே முடியின் கீழ் இருந்தார்கள். ‘ஆளுக்கொரு நாடு’ என்ற எண்ணம் வேர்பிடித்தால் அந்தப் பேரரசுக்கு ஆயுள் கிடையாது. முதலில் போர் அறிவித்தது இந்த அரசுதான். அடுத்தவரின் தேசியவாதத்தைக் கண்டு மிரண்ட அரசு அது. ‘தேசிய வெறி போரை மூட்டியது’ என்று ஒரே வரியில் முடித்தால் இந்த மிரட்சி கணக்கில் வராமலே போய்விடுகிறது.

அப்புறம் அந்த சாண்ட்விச் கதை. சரயேவோ நகரில், போஸ்னிய செர்பிய இளைஞன் கவ்ரிலோ பிரின்சிப் கடையில் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு நின்றபோது ஆஸ்திரிய-ஹங்கேரி முடிக்கு வாரிசான இளவரசரின் கார் தற்செயலாக எதிரே வந்து நின்றதாம். அந்தக் காலத்துச் சாட்சியங்களில் சாண்ட்விச்சே இல்லை. 1914 ஜூன் 28 காலையில், இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் வரும் ஆற்றோரச் சாலையில் பிரின்சிப்போடு சேர்த்துப் பல பேர் ஆயுதங்களோடு ஆங்காங்கே நின்றிருந்தார்கள். ஒருவன் எறிந்த குண்டு குறி தப்பி, பின்னால் வந்த காருக்குப் பக்கத்தில் வெடித்தது. நகர மன்றத்தில் வரவேற்பை முடித்துக்கொண்டு, காயம்பட்டவரை மருத்துவமனையில் பார்க்கக் கிளம்பினார் இளவரசர். வழியை மாற்றிய விஷயம் ஓட்டுநருக்குப் போய்ச் சேரவில்லை. பழைய திட்டப்படி ஒரு தெருவில் திரும்பிவிட்டு, தவறு தெரிந்து வண்டியை நிறுத்தினார். சில அடி தூரத்தில் பிரின்சிப் நின்றிருந்தான். இரண்டே குண்டுகள், இளவரசரும் மனைவி சோஃபியும் இறந்தார்கள். பிரின்சிப்புக்கு 19 வயது. இருபது நிரம்பாததால் தூக்கு இல்லை. 1918இல் சிறையிலேயே காசநோயில் இறந்தான்.

வழி தவறியது தற்செயல்தான். ஆனால் துப்பாக்கிகள் தற்செயலாக வரவில்லை. செர்பிய ராணுவ உளவுத்துறைத் தலைவர் டிராகுடின் டிமிட்ரியேவிச்சின் வட்டத்திலிருந்து வந்தவை அவை. அவரையே 1917இல் செர்பிய அரசு வேறொரு குற்றச்சாட்டில் சுட்டுக்கொன்றது. தேசியவாதிகளுக்குள்ளேயே அவ்வளவு ஒற்றுமை! இன்னொன்றும் உண்டு: ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ‘செர்பியாவோடு போர் வேண்டாம்’ என்று தடுத்துவந்த பெரிய குரல் செத்துப்போன அந்த இளவரசருடையதுதான். படைத்தலைவர் கோன்ராட் பலமுறை போர் கேட்டும் கிடைக்காமல் இருந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

கொலை நடந்ததும் போர் வெடித்தது என்று எழுதுவது அதற்கடுத்த தவறு. கொலைக்கும் போர் அறிவிப்புக்கும் நடுவில் சரியாக ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில்தான் எல்லாமே நடந்தது. ஜூலை 5 அன்று ‘என்ன செய்தாலும் உங்கள் பக்கம் நிற்கிறோம்’ என்று ஜெர்மனி வியன்னாவுக்கு வாக்குக் கொடுத்தது. 23ஆம் தேதி ஆஸ்திரியாவின் கோரிக்கைகள் 48 மணி நேரக் கெடுவோடு செர்பியாவுக்குப் போயின. செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இறங்கிவந்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் ஒப்பவில்லை. 28ஆம் தேதி காலையில் அந்தப் பதிலைப் படித்த ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்ற பொருளில் குறிப்பு எழுதினார். அதே நாளில் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. இந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பெயர் உண்டு. தேசியவாதத்தைக் காற்றில் பரவும் காய்ச்சல் மாதிரி எழுதினால், கையெழுத்துப் போட்டவர்கள் நழுவிவிடுகிறார்கள்.

கூட்டணிகள் எல்லாரையும் சங்கிலிபோல இழுத்துவிட்டன என்பதும் பாதி உண்மைதான். ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு 1882 முதல் கூட்டணியில் இருந்த இத்தாலி 1914இல் நடுநிலை என்று ஒதுங்கியது. 1915 மே மாதம் ஆஸ்திரியா மீதே போர் அறிவித்தது.

சரி, மக்கள் எல்லாரும் கொடிபிடித்து ஆடிப்பாடியா போனார்கள்? தலைநகரங்களின் புகைப்படங்கள் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் பிரெஞ்சு கிராமங்களில் அது அறுவடைக் காலம். ஆகஸ்ட் 1 மாலை படைதிரட்டலை அறிவிக்கத் தேவாலய மணி அடித்தபோது எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தவர்கள் உண்டு. போருக்கு எதிராகப் பேசிவந்த சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழோரெஸை முந்தின நாள் இரவுதான் பாரிஸ் உணவு விடுதி ஒன்றில் ஒரு தேசியவாதி சுட்டுக்கொன்றிருந்தான்.

விளைவுகளுக்கு வந்தால், தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட ‘வெர்சாய் உடன்படிக்கையால் ஹிட்லர் வந்தார்’ என்ற வரிதான் எங்கும். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். உடன்படிக்கை 1919இல். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற அளவுக்குப் பணம் செல்லாக்காசானது. ஆனால் 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 2.6 சதவீத வாக்கு. உலகப் பெருமந்தத்துக்குப் பிறகு, ஏறக்குறைய 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்ற 1932இல்தான் அது 37 சதவீதம். அதே ஆண்டில் ஜெர்மனி கட்ட வேண்டிய போர் இழப்பீடும் கிட்டத்தட்ட ரத்தாகிவிட்டது. உடன்படிக்கைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. மக்கள் மனத்தில் அதை எரியவிட்டவர்கள் யார் என்று கேளுங்கள். 1918 செப்டம்பர் கடைசியில் ‘உடனே போர்நிறுத்தம் கேளுங்கள்’ என்று அரசை நெருக்கியது தளபதி லூடென்டோர்ஃப்பும் ஹிண்டன்பர்க்கும்தான். ஓராண்டு கழித்து நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து நின்ற ஹிண்டன்பர்க், ராணுவத்தை முதுகில் குத்திவிட்டார்கள் என்றார்! அந்தப் பொய்யை நம்பிய தலைமுறைதான் பின்னால் வாக்களித்தது.

இதை ஐரோப்பியர்கள் அடித்துக்கொண்ட போர் என்று மட்டும் நினைப்பதும் தவறு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது. பொல்லாத ஆளை ‘சரியான எம்டன்’ என்கிறோமே. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கடல் தாண்டிப் போனார்கள், எழுபதாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது, விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் ரௌலட் சட்டம். 1919 மார்ச்சிலிருந்து மே தொடக்கத்துக்குள் கொரியா, எகிப்து, அமிர்தசரஸ், பீகிங் என்று அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராக அடுத்தடுத்துக் கொந்தளித்தன.

கடைசியாக ஒன்று. போருக்குப் பிறகு ‘ஒவ்வொரு தேசிய இனத்துக்கும் ஒரு நாடு கிடைத்தது’ என்று எழுதாதீர்கள். புதிய செக்கோஸ்லோவாக்கியாவில் ஸ்லோவாக் மக்களைவிட ஜெர்மானியர்கள் அதிகம். கிரேக்கமும் துருக்கியும் 1923இல் மக்களையே மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. பத்து லட்சத்துக்கு மேல் கிரேக்கத்துக்கு, சுமார் நாலு லட்சம் பேர் துருக்கிக்கு. யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று எப்படிப் பிரித்தார்கள்? மதத்தைப் பார்த்து. துருக்கியின் அனதோலியாவில் துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குக் கப்பலேறினார்கள். போன இடத்தில் அவர்களைத் ‘துருக்கி விதை’ என்று ஏசினார்கள். கிரீட் தீவின் முஸ்லிம்கள் துருக்கிக் கரையில் அய்வாலிக் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். அங்கே அவர்கள் பிள்ளைகளை அதட்டியதும் தாலாட்டியதும் கிரேக்க மொழியில்தான்.