வழுக்கு மரத்தில் கம்பீரமாக வழுக்கி விழுவது எப்படி?

பொங்கலுக்கோ கோகுலாஷ்டமிக்கோ தஞ்சாவூர்ப் பக்கம் வந்தால் வழுக்கு மரத்தை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகாதீர்கள், ஏறுங்கள். வரகூர் உறியடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டம் கைதட்டுவது ஜெயிப்பவருக்கு, வயிறு குலுங்கச் சிரிப்பது சறுக்குபவருக்கு. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். புதுசாகத் தடவிய எண்ணெய் முழுக்க முதலில் ஏறுகிறவர் நெஞ்சில்தான் ஒட்டும், அவர் துடைத்துக் கொடுத்த மரத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவார்கள், அதனால் உச்சியில் தொங்கும் பணமுடிப்பை மறந்துவிடுங்கள்.

பழைய பனியன், இடுப்பில் இறுக்கிக் கட்டிய அரைக்கால் சட்டை போதும். வேட்டியோடு ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மோதிரம், செயினைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். சறுக்க ஆரம்பித்ததும் பயத்தில் கையை விட்டால் மல்லாந்து விழுவீர்கள், அது விளையாட்டு இல்லை. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி (இல்லாவிட்டால் தாடை உரசும்), முழங்காலைத் தளர்த்தி அப்படியே வழுக்கி வாருங்கள். மஞ்சள் தண்ணீரை முகத்துக்கு நேராகத்தான் பீய்ச்சுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு திட்டுங்கள், இன்னும் ஊற்றுவார்கள்.

தோள்மேல் தோள் ஏறுகிற கூட்டணி என்றால் எல்லாருக்கும் அடியில் நிற்காதீர்கள், மேலே இருப்பவர்கள் எல்லாரும் உங்கள் மேல்தான் வந்து விழுவார்கள். சரி, வீட்டுக்குப் போனதும் சோப்பு போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராகச் சீயக்காய்தான்.