இறந்த அப்பாவின் வங்கிக் கணக்கில் பிடித்த கட்டணங்களைத் திரும்பக் கேட்பது எப்படி?

அப்பா காலமான பிறகும் அவர் கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம், ஏடிஎம் அட்டைக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் என்று வரிசையாகப் பிடித்திருந்தார்கள். கேட்டு வாங்க முடிகிறது, ஆனால் கவுன்டரில் வாதாடி அல்ல, எழுத்தில் கேட்டுத்தான். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. மரணத்தைக் கடிதம் மூலம் தெரிவியுங்கள்

கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதமும் இறப்புச் சான்றிதழின் நகலும் போதும். உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அப்பாவின் ஏடிஎம் அட்டையை யாரும் பயன்படுத்த வேண்டாம். அவருடைய சிம் கார்டை மட்டும் உயிரோடு வைத்திருங்கள். வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்கள் பின்னால் தேவைப்படும்.

2. ஸ்டேட்மென்ட் வாங்குங்கள்

மரணத்துக்கு ஓராண்டு முன்பிருந்து இன்றுவரை வேண்டும். "கணக்குக்காரர்தான் கேட்கணும்" என்பார்கள். நாமினி அல்லது வாரிசு என்ற முறையில், கணக்கில் உள்ள பணத்தைப் பெறும் உரிமைகோரலுக்காகக் கேட்பதாக எழுதிக் கொடுங்கள். பாஸ்புக் இருந்தால் அதில் பதிவு போட்டாலும் சரி. எக்செல் எல்லாம் வேண்டாம். அச்செடுத்த தாளும் மூன்று வண்ணப் பேனாவும் எனக்கு அதைவிட வசதியாக இருந்தன.

3. மூன்றாகப் பிரியுங்கள்

காரியம் கெடுவதும் ஜெயிப்பதும் இங்கேதான். எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டி "திருப்பிக் கொடுங்கள்" என்றால், வங்கியும் மொத்தமாக மறுத்துவிடும்.

கடிதம் கொடுத்த தேதிக்குப் பிறகு பிடித்தவை ஒரு வண்ணம். மரணம் தெரிந்தும் பிடித்திருக்கிறார்கள், இதில் உங்கள் கை ஓங்கியிருக்கும். மரணத்துக்கும் கடிதத்துக்கும் இடையில் பிடித்தவை இன்னொரு வண்ணம். வங்கிக்குத் தெரியாது என்பார்கள், ஆகவே தள்ளுபடி கேட்கும் தொனியில் எழுதுங்கள். மரணத்துக்கு முன்பு, உடம்பு முடியாமல் இருந்த மாதங்களில் பிடித்தவை மூன்றாவது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதி கைகொடுப்பது இங்கேதான்.

2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி இது: மினிமம் பேலன்ஸ் குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். அந்த அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. அந்த அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் பரிவர்த்தனை இல்லாமல் செயலற்றதாகிவிட்ட கணக்கு என்றால், அதில் மினிமம் பேலன்ஸ் அபராதமே விதிக்கக் கூடாது.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். ஸ்டேட்மென்டில் 436 ரூபாய் அல்லது 20 ரூபாய் ஆண்டுக்கொரு முறை பிடித்திருந்தால் அது பெரும்பாலும் கட்டணம் அல்ல, பிரதமர் பெயரிலான காப்பீட்டுத் திட்டங்களின் பிரீமியம். 436 ரூபாய்த் திட்டத்தில், காப்பீடு நடப்பில் இருக்கும்போது இறந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய்த் திட்டம் விபத்துக்கானது. கட்டணச் சண்டையில் இதைத் தவறவிட்டால் எவ்வளவு பெரிய இழப்பு! கணக்கை மூடும் முன் கேட்டுவிடுங்கள்.

4. கடிதம்

ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தேதி, தொகை, காரணம் என ஒரு வரி. கட்டணத்தோடு சேர்த்துப் பிடித்த ஜிஎஸ்டியையும் கேளுங்கள். கடைசியில் இப்படி முடிக்கலாம்: "மேற்கண்ட தொகையைக் கணக்கில் வரவு வைத்த பிறகு உரிமைகோரலை முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்." வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிளைக்கு ஸ்பீட் போஸ்ட், வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல், இரண்டும் ஒரே நாளில்.

பணம் தரும்போது "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். சில நூறு ரூபாய்க்காகப் பெரிய தொகையை நிறுத்திவைக்க வேண்டாம். ஆனால் கட்டணம் பற்றிய புகார் நிலுவையில் இருப்பதை அதிலேயே ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

5. மசியவில்லை என்றால்

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ் இணையதளத்தில் பதியலாம், விவரத்துக்கு 14448 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. முத்திரை வாங்கிய அந்த முதல் பிரதியை மறக்காமல் இணையுங்கள்.

பின்சேர்க்கை: நாமினி இல்லாத கணக்குக்கு நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று கட்டாயமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, உயிலோ வாரிசுகளுக்குள் தகராறோ இல்லையென்றால் வணிக வங்கிகளில் 15 லட்சம், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறையே போதும். எல்லா ஆவணங்களும் கொடுத்த 15 நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் அதற்கு வட்டியும் உண்டு. அதையும் கடிதத்தில் கேளுங்கள்.