மலையைப் பின்னால் தள்ளிய கதை

நண்பன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த மலையை ஆயில் பெயிண்டில் ஸ்கெட்ச் போட்டேன். ஒரு மணி நேரத்தில் படத்தில் மலை முன்னால் வந்து நின்றுகொண்டது. மரங்கள் அதன் பின்னால் ஒளிந்த மாதிரி இருந்தன. மலையைத் தூரமாகக் காட்ட அதன் மேலேயே வெள்ளையைப் பூசினேன். ஈரத்தின் மேல் ஈரம், எல்லாம் சேறாகிவிட்டது.

சரி என்று வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியால் மலையை மட்டும் சுரண்டி எடுத்து, பெயிண்டைக் கரைக்கும் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தேன். அப்புறம் பச்சையில் துளி சிவப்பு விட்டு அதன் துடுக்கை அடக்கினேன். கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலமும் வெள்ளையும் கலந்து, வானத்தின் நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். விளிம்பை உலர்ந்த தூரிகையால் லேசாக இழுத்துவிட்டதும் மலை தானாகப் பின்னே போனது.

அதற்குள் வெயில் நகர்ந்து நிழல்கள் இடம் மாறிவிட்டன. அவற்றைத் துரத்தவில்லை, முதலில் போட்ட நிழல்களையே அப்படியே விட்டுவிட்டேன்.